புதுப்பிப்பு: குளத்துப் பழுப்பு வாத்துகள்

வலசை வந்த வாத்துகள் எல்லாமே பழுப்பாகத் தெரிகின்றன, எப்படிப் பிரித்தறிவது என்று முன்பு கேட்டிருந்தேன். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று அலகைப் பாருங்கள் என்றீர்கள். இன்று காலை அப்படியே செய்தேன்.

கரண்டி அலகுத் தட்டைவாயன்கள் உடனே பிடிபட்டன. அலகைத் தண்ணீரில் பதித்தபடி ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடித்தன. அலகோரத்தில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு உண்டு. அது நீரை வடித்துவிட்டுச் சிறு உயிர்களை நிறுத்திக்கொள்கிறது. முன்னால் போவது கலக்கிவிட, பின்னால் வருவதற்குத் தீனி. கொள்ளை அழகு!

ஊசிவால் வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து மேய்ந்தன. முகத்தில் அழுத்தமான கோடுகள் இருந்த சிறியவை நீலச்சிறகிகள் என்று நினைக்கிறேன். ஆண்களுக்கு இனப்பெருக்கக் கால நிறம் இன்னும் வரவில்லை. பழுப்புக் குழப்பமே அதனால்தான்.

அப்புறம், கரைக்கு மிக அருகே போகாதீர்கள். வாத்துகள் மிரண்டு பறந்தெழுந்தால் அவை உடலில் சேர்த்த கொழுப்பு வீணாகும். படங்களை நாளை இணைக்கிறேன், அந்தச் சிறியவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.