வெயிலில் குடைமிளகாய்: பூ கொட்டுகிறது, காயில் திட்டு விழுகிறது

கேள்வி:
வணக்கம். 15 லிட்டர் தொட்டிகளில் எட்டு குடைமிளகாய்ச் செடிகள் இருக்கின்றன. இரண்டடி உயரம், இலை நல்ல கரும்பச்சை. பகலில் 38 டிகிரி வெயில், இரவிலும் 27க்குக் கீழே இறங்குவதில்லை, காற்றில் ஈரமே இல்லை. பூ நிறைய வருகிறது. ஆனால் காம்பு மஞ்சளாகி, விரல் பட்டாலே கையோடு வந்துவிடுகிறது. முன்பே பிடித்த காய்களில் சிலவற்றில் வெள்ளைத் திட்டு, சிலவற்றின் அடியில் கருப்பு. காலையில் ஒருமுறை தண்ணீர், வாரம் ஒருமுறை புண்ணாக்குக் கரைசல். கால்சியம் தெளிக்கலாமா?

பதில் 1:
பூ கொட்டுவதற்குக் காரணம் சூடுதான், அதிலும் இரவுச் சூடு. பகல் 32, இரவு 24 டிகிரியைத் தாண்டினாலே காய்ப்பிடிப்பு குறையும். பூ விரிவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போதே கெட்டுவிடுகிறது. அதனால் இன்றைக்கே வெயில் தணிந்தாலும் பலன் தெரிய இரண்டு வாரமாகும். அதுவரை செடியைக் காப்பாற்றினால் போதும், பிடுங்கிவிடாதீர்கள். புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். அந்தக் கரும்பச்சை, தழைச்சத்து மிஞ்சியதன் அடையாளம்.

பதில் 2:
காயில் இருப்பது இரண்டு வேறு கோளாறுகள். வெயில் நேராகப் படும் பக்கம் மட்டும் வெளிறி, காகிதம் போல மெலிந்து சுருங்கினால் அது வெயில் சுட்டது. அடிப்பக்கம் பழுப்பாகி, கறுத்து, தோல் போல உள்வாங்கினால் நுனி அழுகல். கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அது இல்லாமலில்லை. தண்ணீரோடுதான் அது செடிக்குள் ஏறும், வறண்ட காற்றில் இலைகளே பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். மண் ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைந்தால் காய்க்கு எதுவும் மிஞ்சாது. இலையில் தெளித்தாலும் அங்கிருந்து காய்க்கு இறங்காது. கெட்ட காய்களைப் பறித்துவிடுங்கள்.

தண்ணீரை விடியலிலும் மாலையிலும் பிரித்து, அடித்துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மாலைத் தண்ணீர் வேண்டாம். மேலே 5 முதல் 7 செ.மீ. வைக்கோலோ சருகோ மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். தொட்டி கருப்பாக இருந்தால் வெளிப்பக்கம் சாக்கு சுற்றுங்கள், இல்லாவிட்டால் வேர் வெந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 50 சதவீத நிழல்வலை கைவசம் இருக்கிறது, போடலாமா?

பதில் 3:
30, 35 சதவீதம்தான் சரி. 50 போட்டால் செடி நெட்டையாகிக் காய் குறையும். அதுதான் இருக்கிறதென்றால் பகல் 11 முதல் 4 வரை மட்டும் விரித்து, பிறகு சுருட்டிவிடுங்கள். செடிக்கு மேல் இரண்டடி இடைவெளி வேண்டும், பக்கங்களை மூடாதீர்கள். இலைகளைக் கழிக்கவும் வேண்டாம், காய்க்கு அவைதான் குடை.

இந்த வறட்சியில் இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய பூச்சிகளான இலைப்பேனும் சிலந்திப்பேனும் சேர்ந்துகொள்ளும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.