தொகுப்பு நூலில் ஒரு கதை, அதன் பிறகு அதே கதை வேறு வேறு வடிவங்களில்

தொகுப்பு நூல்களுக்குக் கதை கொடுத்தவர்கள் பலர் "வெளியாகிவிட்டது, மகிழ்ச்சி" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நடுவில் கொஞ்சம் புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல் வரம்பு. "இரண்டாயிரம் சொற்களுக்கு மிகாமல்" என்று தொகுப்பாசிரியர் எழுதினாலே சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அளவு பார்த்துத் தொகுப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு என்று பிரித்துவைத்தவர்கள் நம்மவர்கள்தான். ஆனால் அங்கே பாட்டு முதலில் பிறந்தது, அளவு பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள். நமக்கு அளவு முதலில் வருகிறது. ஆறாயிரம் சொல் கதையை வெட்டி இரண்டாயிரத்துக்குள் அடைத்தால் அது நொண்டும். அந்த அளவுக்குள் நடந்து முடியக்கூடிய கதையைத் தேடுவதுதான் வழி: இரண்டு பேர், ஒரு மாலைப் பொழுது, ஒரே ஒரு திருப்பம்.

அடுத்தது பொதுத் தலைப்பு. நான் கதை கொடுத்த ஒரு தொகுப்புக்குத் தலைப்பு 'முதுமை'. தொலைதூரத்தில் இருக்கும் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயைப் பற்றித்தான் பெரும்பாலானவர்கள் எழுதுவார்கள் என்பது தெரிந்ததே. தலைப்பைக் கேட்டதும் மனத்தில் வந்து நிற்கும் முதல் கதையை நான் எப்போதும் ஒதுக்கிவிடுவேன். என் கதையில் மகன் வீட்டுப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறான். அந்த வீட்டை அம்மா ஏற்கெனவே மகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டாள். அது அவனுக்குத் தெரியாது.

தேர்வாகிவிட்டது என்று கடிதம் வந்தது, கூடவே ஒரு கோரிக்கையும். என் கதைக்கு முந்தைய கதை நள்ளிரவில் தொலைபேசி ஒலிப்பதில் தொடங்குகிறதாம். என்னுடையதும் அப்படியே. "இரண்டும் அடுத்தடுத்து வந்தால் வாசகர் இரண்டையும் குழப்பிக்கொள்வார், தொடக்கத்தை மாற்ற முடியுமா?" தனி நூலில் இந்தக் கேள்வியே எழாது. தொகுப்பில் நம் கதைக்கு அண்டை வீட்டார் உண்டு. அவர்கள் யார் என்று நமக்கு அச்சில்தான் தெரியும். நல்ல தொகுப்பாசிரியருக்கு முன்பே தெரியும். மாற்றிக் கொடுத்தேன், கதை மேம்பட்டது. இன்னொரு தொகுப்பில் என்னைக் கேட்காமலே கடைசிப் பத்தியை நீக்கிவிட்டார்கள், அச்சுக்குப் போகும் முன் பார்த்துத் திருத்தும் படியான மெய்ப்பும் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு, மெய்ப்பு காட்டுவோம் என்று எழுத்தில் உறுதி தராதவர்களுக்கு நான் கதை கொடுப்பதில்லை.

பத்திரக் கதையை ஒலிநாடகமாக்கக் கேட்டபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது. மகள் பெயருக்கு எழுதிவைத்த செய்தி அச்சில் அம்மாவின் நினைவாக, கதையின் கடைசியில் வருகிறது. ஒலியில் நினைவுக்கு இடமில்லை, யாராவது பேசியாக வேண்டும். அதனால் தொடக்கத்திலேயே அம்மா தன் தங்கையோடு பேசும் காட்சி ஒன்றை எழுதினேன். கதையின் முடிச்சே இடம் மாறிவிட்டது. அச்சில் வாசகர் "கையெழுத்திடுவாளா?" என்று காத்திருந்தார். ஒலியில் கேட்பவருக்கு எல்லாம் தெரியும், "மகனிடம் எப்போது சொல்வாள்?" என்று காத்திருக்கிறார். நிகழ்ச்சி அதேதான், அதை முதலில் அறிந்துகொள்பவர் மட்டும் வேறு.

"அம்மா பதில் சொல்லவில்லை" என்று ஒரு வரி. அச்சில் அது போதும். ஒலியில் இரண்டு விநாடி அமைதி விட்டால் கருவி நின்றுவிட்டதோ என்று கேட்பவர் பார்ப்பார். இயக்குநர் மேசைமேல் பேனா உருளும் ஒலியைச் சேர்த்தார். உருள்கிறது, தரையில் விழுகிறது, யாரும் எடுக்கவில்லை. பிறகு வரும் அமைதி யாருடைய அமைதி என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சித்திரக்கதையாக்கிய ஓவியர் அந்தப் பேனாவை விடவில்லை. இடமிருந்து வலமாகப் படிக்கும் நூலில், பக்கத்தைப் புரட்டியதும் கண்ணில் படுவது இடப்பக்கம். எதிர்பாராததை அங்கேதான் வைக்க வேண்டும் என்றார். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மகன் பேனாவை நீட்டுகிறான். புரட்டினால், மேசைக்கு அடியில் கிடக்கும் பேனா, இருபுறமும் இரண்டு ஜோடிக் கால்கள். நான் எழுதிய உரையாடல் முழுவதையும் அவர் எடுத்துவிட்டார். ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன், பிறகு வாய் திறக்கவில்லை. குறும்படத் திரைக்கதையும் எழுதினேன். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கைக் கற்றதுதான் மிச்சம், படம் எடுக்கப்படவே இல்லை.

இத்தனை வடிவங்களுக்கும் வழி விட்டது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி. பதிப்புரிமைக்காக 1886இல் நாடுகளுக்கிடையே உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், பதிவு ஏதும் செய்யாமலே எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு. கதைகளைத் தேர்ந்து வரிசைப்படுத்திய உழைப்புக்குத் தொகுப்பாசிரியருக்குத் தனி உரிமை இருக்கலாம், ஆனால் கதை நம்முடையதுதான், நாம் எழுதிக் கொடுத்தால் ஒழிய. எழுதிக் கொடுக்க வைக்கத்தான் "எல்லா வடிவங்களிலும், எல்லாக் காலத்துக்கும்" என்ற வாசகம் ஒப்பந்தத்தில் வருகிறது. அதை அடித்துவிட்டு, அந்த நூலில் மட்டும் வெளியிடும் உரிமை, வெளியான நாளிலிருந்து ஓராண்டு வரை கதையை வேறெங்கும் தருவதில்லை என்று மாற்றச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள். தொகுப்புக்குப் பெரும்பாலும் ஒருமுறைச் சன்மானமும் ஓரிரு பிரதிகளும்தான். பலர் பங்கிட வேண்டிய உரிமைத்தொகையை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. பணம் வந்தால் அது பின்னால் வரும் வடிவங்களில் வருகிறது, அதனால்தான் அந்த வரிக்கு இவ்வளவு அழுத்தம் தருகிறேன்.

அந்தப் பதிப்பகம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இப்போது என் தனித்தொகுப்பு வருகிறது. பத்திரக் கதையைச் சேர்க்க நான் யாரையும் தேடிப்போய் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே நூலில் எழுதிய நண்பர் ஒருவர் மாற்றாமல் கையெழுத்திட்டிருந்தார். உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.