சைவக் குழம்பில் கறிக்குழம்பின் சுவை வருமா?

கேள்வி:
அசைவத்தை விட்டுவிட்ட என் கணவருக்காகக் கறிக்குழம்பு மசாலாவையே அரைத்து மீல்மேக்கர் குழம்பு வைக்கிறேன். மணம் சரியாக வருகிறது. நாவில் தங்கும் அந்த ஆழ்ந்த சுவை மட்டும் வரவில்லை. எது குறைகிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மசாலா பெரும்பாலும் மணத்தைத்தான் தரும். நீங்கள் தேடுவது உமாமி என்னும் சுவை. 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கெடா, கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளுட்டமேட் என்னும் சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு இப்பெயரைச் சூட்டினார். நன்கு பழுத்த தக்காளியிலும் குளுட்டமேட் உண்டு. உலர்ந்த ஷிடாகே காளானில் குவானிலேட் என்னும் இன்னொரு சுவைப்பொருள் உண்டு. இவ்விரண்டும் சேரும்போது, தனித்தனியே தருவதைவிடச் சுவை பன்மடங்கு பெருகுகிறது. ஆகவே நான்கைந்து உலர்காளான்களை இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அந்த நீரையும் வடிகட்டிக் குழம்பில் சேருங்கள். அதைக் கொட்டிவிட வேண்டாம், சாரம் அதில்தான் இருக்கிறது.

மறுமொழி 2:
வதக்குவதும் முக்கியம், சகோதரி. கல்பாசியை எண்ணெயில் பொரியவிட்டு, சின்ன வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை பொறுமையாக வதக்குங்கள். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து, சிவக்க வறுத்த பின்னரே குழம்பில் இடுங்கள். இல்லையேல் சோயா வாடை தூக்கலாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் ஊரில் உலர்காளான் கிடைப்பதில்லையே?

மறுமொழி 1:
ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் சேருங்கள். உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.