புதுப்பிப்பு: மதுரைப் பழைய இரும்புக் கடைக்கு வந்த இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ எம்3 கத்தி

போன பதிவில் கேட்டது, 'உறையும் கத்தியும் ஒரே காலமா?' என்பது. துருவை எண்ணெய்த் துணியால் துடைத்ததும் அலகில் 'யு.எஸ். எம்3', தயாரிப்பாளர் பெயர், 1943 மூன்றும் தெரிகின்றன. முந்தைய வகைதான், பிந்தையவற்றில் எழுத்து கைக்காப்புக்கு (பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள குறுக்குத் தகடு) மாறிவிட்டது. அலகு சுமார் 17 செ.மீ., தேய்ந்து குறையவில்லை.

ஆனால் அந்த ஆண்டு கத்திக்கு மட்டுமே. உறை தோலாக இருப்பதால் இந்தக் கத்திக்கான எம்6 என்ற தோல் உறை வகை ஆகலாம். எம்8 என்ற மற்ற வகை பிளாஸ்டிக் உறை. உறைவாயில் கைக்காப்பு பதிந்த தடம் பொருந்துகிறதா பாருங்கள். இங்கே சரியாகவே உட்காருகிறது, எனவே நெடுநாள் ஜோடி. அதற்கு மேல் சொன்னால் அது வியாபாரப் பேச்சு.

ரிவெட்டு ஓரத்துப் பச்சைக் களிம்பை பல் குத்தும் குச்சியால் உலர்வாகச் சுரண்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் தொளதொளத்துக் கறுத்துவிடும். கத்தியை உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரம் பிடித்து அலகை அரிக்கும்.