ரைஜலின் ஒளிவட்டம் நெபுலாவை மறைக்கிறது: வழி உண்டா?

ஓரியன் விண்மீன் குழுவின் நீலப் பெருவிண்மீனான ரைஜலையும், அதன் ஒளியைச் சிதறடித்து மங்கலாகத் தெரியும் ஐ.சி. 2118 என்னும் சூனியக்காரித் தலை நெபுலாவையும் (விண்வெளித் தூசு மேகம்) ஒரே சட்டகத்தில் எடுக்க முயன்று வருகிறேன். பல படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தைக் கூட்டியதும், ரைஜலைச் சுற்றி ஒரு நீல ஒளிவட்டம் எழுந்து, ஏறத்தாழ 2.5 பாகை தள்ளியிருக்கும் நெபுலாவின் ஓரம்வரை பரவிவிடுகிறது.

எடுத்த இடம் கொடைக்கானல் மலைப்பகுதி; காலம் சனவரி அமாவாசையை ஒட்டிய இரவுகள்; ரைஜல் ஏறக்குறைய உச்சியில் இருந்தது. கருவிகள்: மாற்றம் செய்யாத கேனான் 6டி கேமரா, 135 மி.மீ. லென்ஸ், டிராக்கர் (வானின் சுழற்சிக்கேற்பக் கேமராவைத் திருப்பும் கருவி). ஐ.எஸ்.ஓ. 1600, ஒவ்வொரு படமும் 60 வினாடி.

ஒளிமாசு ஃபில்டரைக் கழற்றினேன். வட்டம் சற்றே மெலிந்தது, மறையவில்லை. லென்ஸின் துளையை எஃப்/2-இலிருந்து எஃப்/4-க்குக் குறைத்தபோது ரைஜலுக்குக் கதிர்க்கோடுகள் முளைத்தனவே தவிர வேறு பயனில்லை. ரைஜலைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினால் ஓரத்திலிருந்து கீற்றொளி புகுகிறது. மென்பொருளில் பின்னணிச் சாய்வை (வானப் பின்னணியின் சீரற்ற வெளிச்சத்தை) நீக்கினால், வட்டமும் நெபுலாவும் ஒரே நீலம் என்பதால் இரண்டும் சேர்ந்தே போகின்றன. இது ஹைட்ரஜன் ஒளிரும் நெபுலா அன்று, வெறும் தூசு. ஆகவே குறிப்பிட்ட ஒரு நிற ஒளியை மட்டும் விடும் குறும்பட்டை ஃபில்டர் உதவாது.

நெபுலாவை இழக்காமல் இந்த ஒளிவட்டத்தை மட்டும் குறைக்க, படம் எடுக்கும்போதே நான் எதை மாற்ற வேண்டும்?