புதுப்பிப்பு: அணியில் பின்தொடைத் தசை இழுப்பு, சீசன் முடிவில்

வேகமாக ஓடும்போது கல்லூரி அணி வீரர்களுக்குப் பின்தொடைத் தசை அடிக்கடி இழுத்துக்கொள்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கைகொடுத்தது நார்டிக் பயிற்சிதான் (மண்டியிட்டு, பின்தொடைத் தசையால் உடலைத் தாங்கியபடி முன்னே சாய்வது). ஸ்ட்ரெச்சிங்கை மட்டும் கூட்டியதில் பலனில்லை.

செய்முறை: முழங்காலுக்கு அடியில் மேட் போட்டு மண்டியிட வேண்டும். கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, மெதுவாக முன்னே சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். இடுப்பை மடக்கினால் தசைக்குச் சுமை குறைந்துவிடும், பலரும் இங்கேதான் ஏமாற்றுவார்கள். முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் 2 செட். படிப்படியாகக் கூட்டி, 12, 10, 8 முறை என 3 செட். பிறகு வாரம் ஒருமுறை போதும்.

எதிர்பாராதது: ஆரம்பத்தில் தசை வலி கடுமை, பாதிப் பேர் நழுவப் பார்த்தார்கள். மேட்ச்சுக்கு முந்தைய நாள் மட்டும் வைக்காதீர்கள், கால் கனத்துவிடும்.