கேம்பர்வேன் டயருக்கு எவ்வளவு காற்று அடிப்பது? வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம், அவசரம்

நாடோடிக்குடும்பம்:
வணக்கம். பழைய கேம்பர்வேன் (உள்ளேயே தங்கிச் சமைக்கிற வேன்) ஒன்று வாங்கினோம். வெள்ளிக்கிழமை லெஸ்டரிலிருந்து ஸ்காட்லாந்து போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஓட்டும்போது பின்பக்கம் தடதடவென்று தூக்கிப் போடுகிறது, அலமாரிக் கதவு திறந்து பாத்திரம் எல்லாம் விழுகிறது. கையேட்டில் இருக்கிறபடி பின்னால் 80 பி.எஸ்.ஐ. காற்று அடித்திருக்கிறேன். குறைக்கலாமா? எவ்வளவு? அப்படியே எந்த டயர் நல்லது என்றும் சொல்லுங்கள், பக்கத்துக் கடையில் தள்ளுபடி போகிறது.

ஈலிங்அண்ணை:
தம்பி, எந்த வான்? ரயரின் பக்கத்தில் என்ன அளவு எழுதியிருக்கிறது? சாமான் ஏற்றி நிறுத்துப் பார்த்தீர்களா? இது மூன்றும் தெரியாமல் ஒரு எண் சொல்ல முடியாது.

கோவைடிராவலர்:
80 ரொம்ப அதிகம். கல் மாதிரி இருக்கும். நான் டெம்போ டிராவலரை வீடு மாதிரி மாற்றி வால்பாறை வரை ஓட்டுகிறேன், அவ்வளவு அடித்ததே இல்லை. பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், குலுக்கல் நிற்கிற இடத்தில் விட்டுவிடுங்கள்.

டயர்வாத்தியார்:
இப்படிச் சொல்லிக் கொடுத்துத்தான் டயர் வெடிக்கிறது. இங்கே இதே கேள்விக்குப் பலமுறை பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. அடிப்படை தெரியாமல் மூன்றரை டன் வண்டியைக் குழந்தைகளோடு எடுத்துப் போகக் கூடாது. குலுக்கல் நிற்கிற அளவு என்பது ஒரு அளவே இல்லை. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், அந்தச் சூட்டில்தான் கிழியும். அச்சின் மேல் எத்தனை கிலோ இருக்கிறதோ அதற்குத்தான் காற்று.

சஸ்பென்ஷன்சங்கர்:
டயரை விடுங்கள், ஷாக் அப்சார்பர் போயிருக்கும். பழைய வேனில் பின்னால் பட்டை வில்லும் (லீஃப் ஸ்பிரிங்) படுத்திருக்கும். ஏர் சஸ்பென்ஷன் போட்டதும் என் வண்டியில் பாத்திரம் விழுவது நின்றது.

கோவைடிராவலர்:
நைட்ரஜன் அடித்தால் இந்தப் பிரச்சினையே வராது. சூட்டில் ஏறாது, குளிரில் இறங்காது. விமானத்துக்கே அதைத்தான் அடிக்கிறார்கள்.

டயர்வாத்தியார்:
காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் ஐயா. சூட்டுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும். 60 பி.எஸ்.ஐ. இருக்கிற டயர் பத்து டிகிரி சூடேறினால் இரண்டரை வரை ஏறும், உள்ளே எது இருந்தாலும். விமானத்துக்குப் போடுவது ஈரப்பதமும் ஆக்சிஜனும் வேண்டாம் என்பதற்காக.

கோவைடிராவலர்:
ஈரப்பதம் வேண்டாம் என்றால் நமக்கும் நல்லதுதானே? பஞ்சர் கடைக் காற்றில் தண்ணீரே வரும், ரிம் உள்ளே துருப்பிடித்து நானே பார்த்திருக்கிறேன்.

டயர்வாத்தியார்:
அது கம்ப்ரஸரின் தண்ணீரை வடிக்காத கடைக்காரர் தப்பு.

ஈலிங்அண்ணை:
நைட்ரஜனை இன்னொரு இழையில் பார்ப்போம். தம்பி இன்னும் அளவு சொல்லவில்லை.

நாடோடிக்குடும்பம்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஃபியட் டுகாட்டோ, 2011. டயரில் 215/70 ஆர் 15 சி, 109/107 என்று இருக்கிறது. வட்டத்துக்குள் 2314. கதவுக்குள் தகட்டில் மொத்தம் 3500 கிலோ, கீழே முன் அச்சுக்கு 1850, பின் அச்சுக்கு 2000. எடை போடவில்லை. டயர் கட்டை (தரையில் படுகிற மேடு) நிறைய இருக்கிறது, அதனால் நல்ல டயர்தான் என்று விற்றவர் சொன்னார்.

ஈலிங்அண்ணை:
இப்போது விளங்குகிறது. தம்பி, கையேட்டில் அந்த 80-க்குப் பக்கத்தில் "சி.பி." என்று இருக்கிறதா பாருங்கள். சி.பி. என்றால் மோட்டார்ஹோமுக்கென்றே செய்த ரயர். எப்போதும் முழுப் பாரத்தோடு நிற்கிற வண்டிக்கு உடம்பை உறுதியாகக் கட்டியிருப்பார்கள். அதற்குத்தான் பின்னால் 5.5 பார், அதாவது 80. உங்களுடையது வெறும் "சி", சாமான் வானுக்குப் போடுவது. பக்கச்சுவரில் சிறிய எழுத்தில் உச்ச அளவு இருக்கும், வெளிச்சம் அடித்துப் படியுங்கள்.

நாடோடிக்குடும்பம்:
ஆமாம் அண்ணா, கையேட்டில் சி.பி. என்றுதான் இருக்கிறது. டயரில் 65 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது!

டயர்வாத்தியார்:
பார்த்தீர்களா. பழைய உரிமையாளர் வேறு வகை டயருக்கு மாற்றியிருக்கிறார், நீங்கள் பழைய டயரின் காற்றை அடித்திருக்கிறீர்கள். டயர் ஆறியிருக்கும்போது உடனே 65-க்கு இறக்குங்கள். வால்வு ரப்பரா உலோகமா என்றும் பாருங்கள், சாதாரண ரப்பர் வால்வும் 65 வரைதான் தாங்கும். அதைவிட முக்கியம், 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பத்து வயது தாண்டிய டயர். கேம்பர்வேன் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்தில் நின்று வெயில் பட்டு வெடித்துச் சாகிறது. கட்டையைப் பார்த்து நல்ல டயர் என்று சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். நான்கையும் மாற்றாமல் மோட்டார்வே ஏறாதீர்கள்.

கோவைடிராவலர்:
வயது விஷயத்தில் வாத்தியார் சொல்வது சரி. எங்கள் ஊர் லாரி கிளீனர் கம்பியால் தட்டிச் சத்தத்திலேயே காற்று இறங்கியதைச் சொல்லிவிடுவார், ஆனால் டயர் உள்ளே உளுத்துப் போனது அவருக்கும் கேட்காது.

ஈலிங்அண்ணை:
109 என்றால் ஒரு ரயர் 1030 கிலோ தாங்கும். இரண்டுக்கு 2060. உங்கள் பின் அச்சின் எல்லை 2000, ஆகவே போதும், ஆனால் மிச்சம் கொஞ்சம்தான். புதிதாகப் போடும்போது 109-க்குக் கீழே இறங்க வேண்டாம், கடைக்காரர் மலிவாகத் தந்தாலும். முதலில் எடைமேடைக்குப் போங்கள். தண்ணீர், எரிவாயு, துணிமணி, பிள்ளைகள் எல்லாம் ஏற்றி, முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக. அந்த இரண்டு எண்களை ரயர் தயாரிப்பாளருக்கு அனுப்பினால் காற்றளவைச் சொல்வார்கள். தண்ணீர்த் தொட்டி நிரப்பினால் நூறு லிட்டருக்கு நூறு கிலோ, அதை மறக்க வேண்டாம்.

மழைப்புல்:
சி.பி.யா சி.யா என்பதைவிட எல்லாப் பருவ டயரா என்று பாருங்கள். டுகாட்டோ முன்சக்கரம் இழுக்கிற வண்டி. பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் லேசாகிவிடும், ஈரப் புல்லில் அப்படியே சுழலும். ஸ்கை தீவில் ஒரு முகாமில் என்னை டிராக்டர் வைத்து இழுத்தார்கள், மழை கொட்டிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். மலைக்குள் பனித்துகள் படம் போட்ட டயராக வாங்குங்கள், எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து மட்டும் போதாது.

டயர்வாத்தியார்:
கோடையில் ஸ்காட்லாந்து போகப் பனி டயரா? எட்டு வருடமாகச் சி.பி. கோடை டயரில்தான் போய் வருகிறேன்.

மழைப்புல்:
நீங்கள் தார்த் தரையில் நிறுத்துகிறீர்கள். நாங்கள் புல்லில் நிறுத்துகிறோம்.

சஸ்பென்ஷன்சங்கர்:
ஷாக் அப்சார்பரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நாடோடிக்குடும்பம்:
எடை போட்டாச்சு. முன் 1610, பின் 1840. மொத்தம் 3450, நினைத்தே பார்க்கவில்லை, வெய்யில்குடையையும் இரண்டு சைக்கிளையும் இறக்கிவிட்டேன். எல்லாப் பருவ டயர் நான்கு போட்டாச்சு, சி வகை, 109, உலோக வால்வு. தயாரிப்பாளர் முன் 52, பின் 62 என்று பதில் போட்டார்கள். பாத்திரம் விழவில்லை. ரொம்ப நன்றி அண்ணா. காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறோம்.

ஈலிங்அண்ணை:
நல்லது தம்பி. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கர போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

கோவைடிராவலர்:
காற்று சாதாரணமா நைட்ரஜனா?